யோசித்துச் சொல்கிறேன் என்றார்

தம்பி,

பக்கத்து அறையில் நீ மஸ்கட் வேலைக்குப் பெட்டி கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஒரு சுவர். எழுந்து நாலு எட்டு வைத்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். மூன்று தடவை எழுந்தும் பார்த்தேன். முதல் தடவை வந்து "மஸ்கட்ல வெயில் ஜாஸ்தியாமே" என்றேன். இரண்டாம் தடவை "பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டியா" என்றேன். மூன்றாம் தடவை தண்ணீர் குடிக்க வந்தவனைப் போல வெறும் சொம்போடு வாசற்படியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். கல்யாண வரவேற்பில் மைக்கைக் கொடுத்தால் மாப்பிள்ளை பெண் பசியில் வாடினாலும் கீழே இறங்காத ஆள் நான். பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வராமல் சொம்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எழுதி உன் கையில் கொடுக்கப் போவதும் இல்லை. நாளை திங்கட்கிழமை. வேங்கிக்காலில் நம் ஜெராக்ஸ் கடையின் முன்கண்ணாடியில், வாராவாரம் நான் சிரிப்புத் தாள் ஒட்டுகிற அதே இடத்தில் இதை ஒட்டப் போகிறேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுவருகிறவர்கள், பிரதி எடுத்து முடிகிற வரைக்கும் நின்று படிப்பார்கள். "நம்ம வீட்டு விஷயத்த எதுக்குப்பா ஊருக்குப் போஸ்டர் அடிக்கறீங்க?" என்று நீ கேட்பாய், தெரியும். உன்னை நான் தலைகுனிய வைத்தது ஒரு ஹால் நிறைய ஆட்களுக்கு முன்னால். மன்னிப்பை மட்டும் சமையலறை மூலையில், அதுவும் உன் அம்மா குக்கர் விசில் விடும் நேரமாகப் பார்த்துக் கேட்டுக்கொள்வது எனக்கே கேவலமாகப் பட்டது.

முதலில் என் கால் எப்படிப் பிசகியது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிலேயே ஒரு பொய் இருக்கிறது. புரட்டாசிப் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வயதான அம்மா ஒருவர் தடுமாறினார், தாங்கிப் பிடிக்கப் போய்க் கால் மடங்கிவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்படி ஒரு அம்மா இல்லவே இல்லை. அடி அண்ணாமலை தாண்டியதிலிருந்து எனக்குப் பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டே நடந்து வந்தார்கள். பெண்டாட்டிக்கு என்று எடுத்த பட்டுப்புடவை எப்படியோ நாத்தனார் கைக்குப் போயிருக்கிறது. நான் நடையைக் குறைத்து, காதைப் பின்னால் விட்டு, கண்ணை மட்டும் மலையின் மேல் பக்தியாக வைத்துக்கொண்டு நடந்தேன். குழி தெரியவில்லை. அந்தப் புடவை கடைசியில் திரும்பி வந்ததா என்பதும் இன்றுவரை தெரியவில்லை.

அப்படித்தான் அன்றைக்குக் காலை நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நொண்டிக்கொண்டு வந்தேன். பௌர்ணமி என்றால் உங்கள் ஹாலைக் கேட்க வேண்டுமா? கொப்புளம் வெடித்த கால், சர்க்கரை இறங்கி மயங்கினவர், கூட்டத்தில் நகம் பெயர்ந்தவர். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சில் என்னையும் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் வேன்காரர் ஏழுமலை. கூட்டம் ஏற்றி இறக்குகிற அவசரத்தில் வேன் கதவில் விரல் நசுங்கி வந்திருந்தார். விரலுக்குக் கட்டுப் போட்டாயிற்று, டி.டி. ஊசியும் போட்டாயிற்று, சீட்டுக்குக் காத்திருந்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி மல்லிகா.

நீ ஒரு நோட்டோடு வரிசையாக வந்தாய். அடிபட்டு வருகிற பெரியவர்களிடம், அவர்கள் வந்த வேலை முடிந்து சும்மா காத்திருக்கிற நேரத்தில், ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்கிற திட்டம். அந்த மாதம்தான் ஆரம்பித்திருந்தீர்கள். அதற்காக நீயும் ஜெயந்தி சிஸ்டரும் பெரிய டாக்டரிடம் எத்தனை தடவை போய் நின்றீர்கள் என்று நீ சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாய். நான் அப்போது போனில் வீடியோ பார்த்துக்கொண்டு "ம்" கொட்டினேன்.

"அண்ணே, சுகர் இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. மழைக்காலம் வருது. ஃப்ளூ ஜுரத்துக்கு ஒரு தடுப்பூசி இருக்குது, போட்டுக்கறீங்களா? காசு இல்ல. ரெண்டு நாள் கை வலிக்கும், லேசா உடம்பு சுடலாம், அவ்ளோதான்" என்று நீ ஏழுமலையிடம் குனிந்து கேட்டாய்.

"எனக்கு ஜுரமே இல்லியே தம்பி. வெரல் தானே?"

"வந்தப்பறம் போட்டு என்னாண்ணே பிரயோஜனம்? வர்றதுக்கு முன்னாடி போடறது."

"போட்டுக்கயேன்யா," என்றார் மல்லிகா. "போன மழையில நீ இருமுன இருமல்ல எதிர் வூட்டு நாயே தூங்கல."

ஏழுமலை சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். பாதிக்கு மேல் மடித்துவிட்டார், தம்பி. அதை நான் பார்த்தேன். அவருடைய புஜத்தில் பழைய பச்சை குத்தின எழுத்துகூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவருக்குக் கையெழுத்துத் தாள் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "சார், உங்களுக்கு ஐம்பத்தாறு வயசு. பி.பி. இருக்குது. நீங்களும் போட்டுக்கறீங்களா?" என்றாய். டியூட்டியில் எல்லோரும் உனக்கு ஒன்றுதான் என்பதற்காக அந்த "சார்." உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் வைத்திருந்தாய். விளையாட்டுக்கு நீயும் வருகிறாய் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து எதிர் பெஞ்சில் ஒருவர், "இவரு ஜெராக்ஸ் கடை காமெடி சார்தானே? எங்க மச்சான் கல்யாணத்துல வயிறு புண்ணாகிடுச்சு" என்றார். ஹாலே என்னைப் பார்த்தது. எனக்குத்தான் நாலு முகம் நிமிர்ந்தால் போதுமே.

"ஏம்பா, கால் பிசகிப் போச்சுன்னு வந்தா கையில ஊசிங்கறே. இன்னும் அரை மணி நேரம் குந்தியிருந்தா மொட்டை அடிச்சுக் காது குத்தித்தான் அனுப்புவீங்க போல. காது குத்தணும்னா மாமன் மடி வேணுமே, இங்க யாருப்பா எனக்கு மாமன்?"

"நான் இருக்கேன் சார், வந்து குந்துங்க!" என்று ஏழுமலை நல்ல கையால் தொடையைத் தட்டினார். மடித்த சட்டைக் கை தானாக இறங்கியது. நகம் பெயர்ந்தவர்கூட வலியை மறந்து சிரித்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. ஒரு கைதட்டல் வாங்கினவன் இரண்டாவதற்கு அலைவான், அது என் வியாதி. "சும்மா தராங்கன்னா சும்மாவா தருவாங்க? தேதி முடியற சரக்கா இருக்கும், தள்ளிவுடப் பாக்கறாங்க" என்றேன். முதலாவது ஜோக். இரண்டாவது ஜோக் இல்லை, பொய். மல்லிகா சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெஜமாவா சார்?" என்று கேட்டார். இல்லம்மா, சும்மா சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கண்ணடித்தேன், தம்பி. வாய் திறந்து பொய் சொன்னால்கூட யாராவது மறுத்திருப்பார்கள். கண்ணடித்ததை யார் மறுக்க முடியும்?

ஏழுமலை கையெழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அப்புறம் நீ கேட்ட ஆறு பேரும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள், இல்லை என்று. நீ "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி, நோட்டில் என்னமோ எழுதிவிட்டு நகர்ந்தாய். ஹாலில் சிரிக்காத ஒரே முகம் உன்னுடையது. மேடையில் நிற்கிறவனுக்குச் சிரிக்காத முகம்தான் முதலில் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி எக்ஸ்ரேவுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வந்ததும் சண்டைக்குத் தயாராக இருந்தேன், பதிலுக்கு இரண்டு ஜோக்கும் வைத்திருந்தேன். நீ சண்டையே போடவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அப்பா, ஏழுமலை அண்ணன் மாதிரி ஆளு நல்லா இருக்கும்போது ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாரு. அடிபட்டாத்தான் வருவாரு. வருஷத்துல அந்த ஒரு தடவதான் எங்க கையில கிடைக்கறாரு. அத விட்டுட்டா அப்பறம் எங்கன்னு போய்த் தேடறது?" "சரி சரி, காபி குடி" என்றேன்.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு மட்டும் அது தெரியும். எனக்கு ஊசி என்றால் பயம். பயம் என்றால் சும்மா முகம் சுளிக்கிற பயம் இல்லை, கால் தரையில் நிற்காத பயம். உனக்கு ஆறு வயதிருக்கும். மூன்று நாள் ஜுரம், டாக்டர் ஊசி போட்டால்தான் இறங்கும் என்றார். நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். நர்சம்மா மருந்தை ஊசியில் ஏற்றி, அதை மேலே பிடித்து ஒரு சொட்டுத் தெளித்தார். நான் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது நீ அழாமல், ஊசி போட்ட இடத்தை ஒரு கையால் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் உன் மருந்துச்சீட்டு ஃபைலை எனக்கு விசிறிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் "செம்ம வெயில், சாப்பிடாம வேற போயிட்டேனா, தலை சுத்திடுச்சு" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஆமாம்மா, வெயிலு" என்றாய். ஆறு வயதில் என் மானத்தைக் காப்பாற்றினவன் நீ. இருபத்தேழு வயதில் உன் மானம் என் கையில் ஒரு நிமிடம் இருந்தது. நான் அதை வைத்துக் கைதட்டல் வாங்கினேன். பயந்துபோய் வாங்கினேன் என்பது காரணமே தவிர, சமாதானம் ஆகாது.

இன்னும் ஒன்றையும் இதோடு ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "பையன் என்ன பண்றான்?" என்று யார் கேட்டாலும் "மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்றுதான் இத்தனை நாளும் சொன்னேன். டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. நர்ஸ் என்ற வார்த்தை என் நாக்கில் வரவில்லை. கல்யாணத் தரகரிடம்கூட அப்படிச் சொல்லி, அவர் பெண் வீட்டில் "டாக்டர் மாப்பிள்ளை" என்று சொல்லிவைத்து, அதை நீ போய் நேராக்கிவிட்டு வந்தாயே, அன்றைக்கும் நான் அதை ஒரு வேடிக்கையாக்கி மேடையில் சொன்னேன். என் பிள்ளை அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். கண்ணாடிக்கு வெளியே நின்று படிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

கார்த்திகை தீபத்துக்கு ஏழுமலை தூக்கமில்லாமல் வேன் ஓட்டியிருக்கிறார். தீபம் முடிந்த நாலாம் நாள் ஜுரம். கஷாயம், மாத்திரை, மறுபடி வேன். ஒரு வாரம் கழித்து மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, சர்க்கரை ஏகத்துக்கு ஏறி, உங்கள் ஹாலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்து உள்ளே தள்ளியவன் நீ. ஃப்ளூ நுரையீரல் வரைக்கும் இறங்கிவிட்டது என்று அன்றைக்கு நீ வீட்டில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி அவர் எப்படி இருக்கிறார் என்பதாக இருந்திருக்க வேண்டும். "ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கும்தானே?" என்று கேட்டேன்.

நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய். "வந்திருக்கலாம்பா. போட்டவங்களுக்கும் சில பேருக்கு வருது. ஆனா இவ்ளோ மோசமாகற சான்ஸ் கம்மி."

நியாயமாகச் சொன்னாய். நான் அந்தப் பதிலில் முதல் பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது.

உன் அம்மா என் நிம்மதியைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். அரிசி களைந்துகொண்டே, தான் அந்த ஊசியைத் திட்டம் ஆரம்பித்த முதல் வாரமே போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். கை சுட்டுக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாளே, அன்றைக்கு. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க அத ஒரு வாரத்துக்குக் கடைக் கண்ணாடியில ஒட்டுவீங்க" என்றாள். என் வீட்டில் இருப்பவர்களே என் சிரிப்புக்குப் பயந்து காரியங்களை மறைத்துச் செய்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

மறுநாள் வார்டுக்குப் போனேன். உன் டியூட்டி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். ஏழுமலை பாதியாக இளைத்துப்போய், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். திட்டுவார் என்று ஆசையாகப் போயிருந்தேன், தம்பி. அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க சார். மாமன் மடி காலியாத்தான் இருக்குது" என்றார், மூன்று தடவை மூச்சு வாங்கி. பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவருதாங்க அவரு. அன்னிக்கு என்னா சிரிப்பு தெரியுமா? கால் பிசகிச்சுன்னு வந்தா... கையில ஊசிங்கறே..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது. மீதியை நீங்களே சொல்லுங்கள் என்று எனக்குக் கையைக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து ஆவலாகக் காத்திருந்தார். முப்பது வருஷமாக மைக் பிடிக்கிறவன். எனக்கு வரி வரவில்லை.

வெளியே வராந்தாவில் மல்லிகா. "என்னால தாம்மா" என்றேன். ஒரு தடவையாவது நேராகச் சொன்னேன்.

"நானுந்தான் சிரிச்சேன் சார்," என்றார். கோபமே இல்லாத குரல். "வேற யாராச்சும் சொல்லியிருந்தா அந்தாண்ட போய்யான்னுட்டு இருப்பேன். அங்கயே பக்கத்துல பேசிக்கினாங்க, அந்தத் தம்பி உங்க புள்ளன்னு. பெத்த அப்பாவே புள்ள கையால வேணாங்கறாருன்னா, அதுல ஏதோ இருக்குதுன்னுதானே சார் தோணும்?"

இதை நான் யோசித்தே பார்த்ததில்லை. அன்று ஹாலில் நான் ஜோக் அடித்த காமெடி சார் மட்டும் இல்லை, உன் அப்பாவும்தான். அதனால்தான் நம்பினார்கள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவு வழியாக வெளியேறப் பார்த்தபோது ஜெயந்தி சிஸ்டர் பிடித்துக்கொண்டார். "சார், கொஞ்சம் நில்லுங்க. முன்ன கேட்டப்ப போட்டுக்காதவங்கள மறுபடி கேக்கறோம். உங்க பேரும் இருக்குது" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்து. ஏழுமலை என்ற பெயருக்கு நேராக, 'வேண்டாம் என்றார். பழைய மருந்து என்று பயப்படுகிறார்.' கீழே ஆறு பெயர். 'வேண்டாம் என்றார்.' 'வேண்டாம் என்றார்.' ஏழுமலைக்கும் அவர்களுக்கும் நடுவில் என் பெயர். அதற்கு நேராக, 'யோசித்துச் சொல்கிறேன் என்றார்.'

"நான் அப்படிச் சொல்லலியே சிஸ்டர்."

"எழுதினது உங்க புள்ள. அவரு பொய் எழுத மாட்டாரு," என்றார் ஜெயந்தி. "யோசிச்சீங்களா சார்?"

எப்போதோ சரியாகிவிட்ட காலோடு மறுபடி நொண்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நான் உன்னைத் தலைகுனிய வைத்த அதே நிமிடத்தில், அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நீ நின்று நிதானமாக அந்த வரியை எழுதியிருக்கிறாய். வாழ்க்கையில் உன் கை எழுதிய பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். மருந்துச்சீட்டு ஃபைலை இரண்டாவது தடவையாக எனக்கு விசிறியிருக்கிறாய். நான் கவனிக்கவே இல்லை.

ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிற புத்தியை நீ எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. அங்கேயும் உன்னிடம் யாராவது கையை நீட்டாமல் வாயை நீட்டுவார்கள். ரொம்பச் சிரிக்க வைக்கிற ஆளைப் பார்த்தால் மட்டும் என்னை நினைத்துக்கொள். பெரும்பாலும் அவன் கால் நடுங்கிக்கொண்டிருக்கும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள், பெஞ்சில் வைத்துக் கேட்காதே.

என்னை மட்டும் பெஞ்சில் வைத்தே கேள். சனிக்கிழமை உனக்கு விமானம், வியாழக்கிழமை கடைசி டியூட்டி. காலை பத்து மணிக்கு, ஹாலில் ஆள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். மல்லிகாவும் போட்டுக்கொள்ள வருகிறார். ஏழுமலை வீட்டுக்கு வந்துவிட்டார், அவருக்கு உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும், பிறகு போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வருகிறாராம். "மாமன் இல்லாம எப்படி சார்?" என்கிறார். நீ அதே மாதிரி நோட்டோடு வா. "சார்" என்றே கேள். நான் யோசித்துவிட்டேன். இடது கை.

ஊசியை மேலே தூக்கிச் சொட்டுத் தெளித்தால் அநேகமாக விழுவேன். இந்தத் தடவை வெயில் என்று சொல்லாதே. எங்க அப்பாவுக்கு ஊசின்னா பயம், அன்னிக்கும் அதனாலதான் அப்படிப் பேசினாரு என்று, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல். சொல்லிவிட்டு, கையில் அந்த நோட்டு இருந்தால், கொஞ்சம் விசிறு.

இப்படிக்கு,
ஸ்டாஃப் நர்ஸின் அப்பா